ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை வைத்து ஓர் எண் பகா எண்தான் என்று உறுதியாகச் சொல்லலாமா?

சொல்ல முடியாது. அது பகு எண் என்பதை மட்டுமே உறுதியாகச் சொல்லலாம்.

துலூஸ் நகர நீதிமன்றத்தில் பதவி வகித்த பியேர் டி ஃபெர்மா 1640-இல் நண்பர் ஃபிரெனிக்கிளுக்கு எழுதிய கடிதத்தில் நிரூபணம் இல்லாமல் சொன்னது இது: p பகா எண், a அதன் மடங்கு அல்ல என்றால், aᵖ⁻¹-ஐ p-ஆல் வகுக்க மீதி 1. உதாரணமாக, 2⁶ = 64; 7-ஆல் வகுத்தால் மீதி 1.

இதைத் திருப்பிப் போட்டு, மீதி 1 வந்தால் அது பகா எண்தான் என்று சொன்னால்தான் சிக்கல். 341 = 11 × 31. ஆனாலும் 2³⁴⁰-ஐ 341-ஆல் வகுத்தால் மீதி 1 வருகிறது; காரணம், 2¹⁰ = 1024 = 3 × 341 + 1, 340-ஓ 10-இன் மடங்கு. அடியை 2-இலிருந்து 3 ஆக்கினால் மீதி 56, குட்டு வெளிப்பட்டுவிடும். 561 இன்னும் மோசம்: அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை எடுத்தாலும் மீதி 1-தான்.

அதனால்தான் கணினிகள் இதைவிடக் கறாரான மில்லர்-ராபின் சோதனையை நாடுகின்றன. 341-இல் 1 குறைத்தால் 340 = 4 × 85. முதலில் 2⁸⁵-இன் மீதியைப் பாருங்கள்: 32. அதன் வர்க்கம் 1024, மீதி 1. வகுக்கும் எண் p பகா எண்ணாக இருந்தால், வர்க்கத்தின் மீதி 1 ஆக வரும் மீதிகள் 1 அல்லது −1 (அதாவது p−1) மட்டுமே. இங்கே 32 வந்ததே போதும், 341 பகு எண். இன்னும் அழகு என்னவென்றால், 32-க்கு இருபுறமும் உள்ள 31, 33 இரண்டுக்கும் 341-உடன் மீப்பெரு பொது வகுத்தி கண்டால், 31-உம் 11-உம் கையில் விழும்.