கடையில்லாமல் பிளவுஸ் ஆர்டர்

கேள்வி: வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். கடை போடப் பணமில்லை. போனை வைத்தே ஆர்டர் பிடிக்க முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாக. வியாபாரத்துக்கென்றே இருக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்பைத் தனி எண்ணில் தொடங்குங்கள். பழைய எண்ணைக் கொடுத்தால் சொந்தக் கணக்கே அதற்கு மாறிவிடும். அதிலுள்ள கேட்டலாகில், அதாவது படத்தோடு விலை காட்டும் பட்டியலில், பத்து மாடல் போதும், கூலியோடு போடுங்கள். விலையை மறைத்தால் பலர் கேட்காமலே நகர்ந்துவிடுவார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட்டில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உங்கள் எண்ணை சேவ் செய்யாதவருக்கு அது போய்ச் சேராது. முதல் ஆர்டரிலேயே சேவ் செய்யச் சொல்லிவிடுங்கள்.

அளவு வாங்க கூகுள் ஃபார்ம், அதாவது லிங்க் அனுப்பி போனிலேயே நிரப்பச் சொல்லும் படிவம். மார்புச் சுற்றளவுக் கேள்வியில் பதிலைச் சரிபார்க்கும் 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' போய், 26 முதல் 54 வரை மட்டும் ஏற்கும்படி வையுங்கள். இஞ்சுக்குப் பதில் சென்டிமீட்டரில் 90 என்று அடித்தால் ஃபார்மே தடுத்துவிடும். இருந்தாலும் அளவு பிளவுஸ் ஒன்றை வாங்கிக்கொள்வது உத்தமம்; கழுத்து இறக்கத்தை யாரும் சரியாக அளந்து அனுப்புவதில்லை.

துணியில் கத்திரி வைக்கும் முன் பாதிக் கூலி ஜிபேயில் வந்திருக்க வேண்டும், சொந்தக்காரர் ஆனாலும்.