கீறல் இல்லாத கிண்ணம்

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் பூனைக்கு மூன்று வயதாகிறது. குட்டியாக வந்த நாள் முதல் ஒரே பிளாஸ்டிக் கிண்ணத்தில்தான் சாப்பிடுகிறது. சில வாரங்களாக அதன் தாடையில் மிளகுத்தூள் தூவியது போலக் கரும்புள்ளிகள் தெரிகின்றன. கிண்ணத்தை மாற்றும்படி சொல்கிறார்கள். கிண்ணத்துக்கும் தாடைக்கும் என்ன தொடர்பு? எதை வாங்குவது? – ஒரு வாசகி

பதில்: முதலில் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தாடையில் ஒற்றிப் பாருங்கள். துணியில் ஒட்டிய புள்ளிகள் செம்பழுப்பாகக் கரைந்தால், அவை தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதற்கான சிகிச்சை வேறு. கரையாவிட்டால், அது பூனைகளுக்கு வரும் தாடைப் பருவாக இருக்கக்கூடும். தாடையில் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி என்பதால், அவற்றின் துளைகள் கொழுப்பாலும் உதிர்ந்த தோல் அணுக்களாலும் அடைபடும்போது இத்தகைய புள்ளிகள் உண்டாகின்றன.

இதற்குக் கிண்ணம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் கால்நடை மருத்துவர்கள் பிளாஸ்டிக்கை விலக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூனையின் பற்களும் நாம் தேய்க்கும் நாரும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பில் நுண்ணிய கீறல்களை இடுகின்றன. அவற்றில் உணவின் கொழுப்பும் உமிழ்நீரும் தங்கிவிட, பாக்டீரியாக்கள் அங்கே வழவழப்பான படலமாகப் படிந்து, கழுவும்போதும் முழுமையாக அகலாமல் நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு வேளையும் பூனையின் தாடை அந்த விளிம்பில்தான் உரசுகிறது. மூன்று ஆண்டு உழைத்த கிண்ணத்தில் கீறல்கள் நிறையவே இருக்கும். அதைத் தயங்காமல் அப்புறப்படுத்துங்கள். புள்ளிகளைக் கிள்ளி எடுக்க வேண்டாம். வீக்கமோ, சீழோ, வலியோ தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

புதிதாக வாங்குவதற்கு என் முதல் தேர்வு எவர்சில்வர். இரும்புடன் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த வகை உணவுப் பாத்திரங்களுக்கு ஏற்றது. குரோமியம் காற்றுடன் சேர்ந்து மேலே உருவாக்கும் மெல்லிய ஆக்சைடு படலமே துருவைத் தடுக்கிறது. கம்பி நாரால் தேய்க்காமல் மென்மையான பஞ்சால் கழுவினால், இந்த மேற்பரப்பு பல ஆண்டுகள் வழுவழுப்பாகவே இருக்கும். பாத்திரம் இலேசாக இருந்தால் பூனை முகத்தால் தள்ளிக்கொண்டே போகும் என்பதால், அடியில் ரப்பர் வளையம் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் அவ்வளையத்தை அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும், ஏனெனில் அழுக்கு ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் இல்லை.

கேள்வி: அழகான வண்ணப் பீங்கான் கிண்ணம் ஒன்றைப் பரிசாகப் பெற்றேன். பூனைக்குப் பயன்படுத்தலாமா? – ஒரு வாசகர்

பதில்: உணவுக்கு உகந்தது என்ற குறிப்பு அதில் இருந்தால் பயன்படுத்தலாம். அலங்காரத்துக்கென்றே செய்யப்படும் பீங்கான்களின் மேற்பூச்சில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் கலந்திருக்க வாய்ப்புண்டு; புளிப்பான உணவில் அவை கசியும். நல்ல பூச்சாக இருந்தாலும், மயிரிழை போன்ற வெடிப்போ உடைந்த விளிம்போ தெரிந்த அன்றே அதை விலக்கிவிடுங்கள். அழுக்கு தங்குவதில் அந்த வெடிப்பும் பிளாஸ்டிக்கின் கீறலும் ஒன்றே. கனமான கண்ணாடிக் கிண்ணமும் நல்லதுதான், உடையாத இடத்தில் வைத்தால்.

கேள்வி: கிண்ணங்களை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? எங்கள் பூனை தண்ணீரே குடிப்பதில்லையோ என்ற கவலையும் இருக்கிறது. – ஒரு வாசகி

பதில்: ஈர உணவு வைக்கும் தட்டை ஒவ்வொரு வேளைக்குப் பின்பும், உலர் உணவுக் கிண்ணத்தையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் நாள்தோறும் சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவுங்கள். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவது மட்டும் போதாது. உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தால் வழுக்கும், அதுவே மேலே சொன்ன பாக்டீரியாப் படலம். பூனைப் பாத்திரத்துக்குத் தனிப் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். பினாயில் போன்ற ஃபீனால் கலந்த கிருமிநாசினிகளை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நமக்கு வெறும் வாசனையாகத் தோன்றுவது அதற்கு நஞ்சாகலாம்.

உணவில் உள்ளதையும் சேர்த்து, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 மில்லிலிட்டர் நீர் பூனைக்குத் தேவை. 4 கிலோ பூனைக்கு அது 200 மில்லிலிட்டர். ஈர உணவில் முக்கால் பங்குக்குமேல் நீர் இருப்பதால், அதை உண்ணும் பூனை கிண்ணத்தை நாடாதது இயல்பு. உலர் உணவில் நீர் பத்தில் ஒரு பங்கு அளவே. அதை மட்டும் உண்ணும் பூனை குடிக்காவிட்டால் கவனிக்க வேண்டும். அகலமான, ஆழம் குறைந்த கிண்ணத்தில் விளிம்புவரை நீர் நிரப்பி, உணவுத் தட்டிலிருந்தும் மலம் கழிக்கும் மண்தொட்டியிலிருந்தும் தள்ளி, இரண்டு மூன்று இடங்களில் வைத்துப் பாருங்கள். நாள் முழுவதும் குடிக்காமலும் உண்ணாமலும் சோர்ந்து கிடந்தால், கிண்ணத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.