மிலானில் இல்லாத ஒரு மண்டபம்: எங்கே நின்று பார்ப்பது?

கேள்வி: மிலானில் எங்களுக்கு அரை நாள்தான் இருக்கிறது. லியோனார்டோவின் 'இறுதி இராவுணவு' ஓவியத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. சான் சாதிரோ கோவிலில் கண்ணை ஏமாற்றும் மண்டபம் ஒன்று உண்டாமே? எங்கே நின்றால் சரியாகத் தெரியும்?

பதில்: வாசலைத் தாண்டியதும், நடுக்கூடத்தின் மையத்தில். அங்கிருந்து பார்த்தால் பீடத்துக்குப் பின்னால் தூண்களும் கட்டம் போட்ட வளைவுக் கூரையுமாக ஒரு நீண்ட மண்டபம் தெரியும். அதன் உண்மையான ஆழம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது.

இடம் இல்லாத குறைதான் காரணம். கத்தியால் குத்துப்பட்டு இரத்தம் சிந்தியதாகச் சொல்லப்படும் மாதா படம் ஒன்றுக்காக 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய கோவில் இது. சிலுவை வடிவத்தில் கட்ட வேண்டுமென்றால் பின்பக்கம் நீள வேண்டும். ஆனால் அங்கே ஃபல்கோனே தெரு குறுக்கே ஓடுகிறது. வந்து சேர்ந்தார் பிரமாந்தே. பின்னாளில் ரோமில் புனித பேதுரு பேராலயத்துக்கு வரைபடம் போட்டவர், ஆனால் தொழில் பழகியது ஓவியராக. தெருவை நகர்த்த முடியாது. சுவரில் ஆழத்தை 'வரைந்து'விட்டார், சுண்ணச்சாந்தாலும் வண்ணத்தாலும்.

நடுக்கூடத்தின் நிஜக் கூரையிலும் அதே கட்டங்கள்தான். கண் அவற்றைப் பிடித்துக்கொண்டே போய், நிஜம் எங்கே முடிந்தது என்று தெரியாமல் போலிக்குள் நுழைந்துவிடும். பிறகு மெதுவாகப் பீடத்தை நோக்கி நடங்கள். மண்டபம் சப்பையாகிக்கொண்டே வரும். பக்கவாட்டுக் கைப்பகுதிக்கு, அதாவது சிலுவையின் கைபோல் பக்கத்தில் நீளும் இடத்துக்கு, போய்த் திரும்பிப் பார்த்தால் குட்டு முழுசாக உடையும்: 'தூண்கள்' எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கி, சுவரோடு அப்பிக் கிடக்கும். குழந்தைகள் கூட வந்தால் இந்த நடையை அவர்களையே நடக்க விடுங்கள். அப்புறம், மையத்தில் நின்று எடுத்த போட்டோவை வீட்டில் காட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். கேமராவும் ஒற்றைக்கண் ஆசாமிதானே, இந்த வித்தைக்கு அது நன்றாகவே மயங்கும்.

இதோடு கிளம்பிவிடாதீர்கள். இடப்பக்கக் கைப்பகுதியை ஒட்டி 9ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம் ஒன்று இருக்கிறது. அங்கே அகோஸ்தினோ தே ஃபோந்துலிஸ் செய்த சுடுமண் சிலைகள்: இறந்த இயேசுவைச் சுற்றி அழும் கூட்டம். என்னைக் கேட்டால், போலி மண்டபத்தைவிட மனதில் நிற்பது இதுதான். வலப்பக்கம் எண்கோண அறை ஒன்று. அதிலும் சுடுமண் வேலைப்பாடு இவருடையதே.

துவோமோவிலிருந்து (மிலானின் பெரிய பேராலயம்) டோரினோ வீதி வழியாகச் சில நிமிட நடைதான். சான் சாதிரோவின் முகப்பு 19ஆம் நூற்றாண்டு வேலை, அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். இத்தாலியில் பல கோவில்களை மதியம் பூட்டிவிடுவார்கள், திருப்பலி நேரத்தில் சுற்றவும் விட மாட்டார்கள். அன்றைய நேரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வெளியே வந்ததும் சுற்றிக்கொண்டு ஃபல்கோனே தெருவுக்குப் போய்ப் பின்சுவரைப் பாருங்கள். உள்ளே பார்த்த மண்டபம் நிஜமாக இருந்தால், நீங்கள் அப்போது அதற்குள் நின்றுகொண்டிருப்பீர்கள்.