அணியில் மேனன் என்று யாருமில்லை

கேள்வி: என் மகன் தொடக்கநிலை நான்கில் படிக்கிறான். நவம்பரில்தான் பத்து வயது ஆகும். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு காற்பந்து கிளப்பில் சேர்த்துவிட்டோம். கோச் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது எனக்கு ஒன்றும் புரிவதில்லை. "சனிக்கிழமை யு10 பி, செவன் எ சைட், ரோலிங் சப்ஸ். கேட் ஒன் என்றால் ஷெல்டரில் இருக்கவும்." அண்டர் 10 என்கிறார்கள், பத்து வயது முடிந்த பையன்களும் ஆடுகிறார்கள். இது ஏமாற்று இல்லையா? மகனின் ஜெர்சி எண் 17, கோச்சோ அவனை "சிக்ஸ்" என்கிறார். திடலில் எல்லாரும் "மேனன்! மேனன்!" என்று கத்துகிறார்கள், அணியில் அந்தப் பெயரில் யாருமே இல்லை. போன வாரம் அப்படிக் கத்தியதும் இவன் பந்தை விட்டுவிட்டு அழுதுவிட்டான். பி டீம் என்றால் ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமா?
– ஒரு தாய், செங்காங்

பதில்: முதலில் மேனனைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறேன், அம்மா. அது "மேன் ஆன்". "உனக்குப் பின்னால் எதிரணிக்காரன் வந்துவிட்டான், உனக்கு அவனைத் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது" என்பதை இரண்டு சொல்லில் சொல்வது. உதவிக்குரல்தான், திட்டு இல்லை. ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்பது வயதுப் பையனுக்கு அது திட்டாகத்தான் கேட்கும், பாவம்.

அதற்கு எதிர்ச்சொல் "டைம்". பக்கத்தில் யாருமில்லை, நிதானமாகத் திரும்பிப் பார்த்து ஆடு என்று பொருள். இந்த இரண்டையும் வீட்டுக் கூடத்திலேயே பழக்கலாம். ஒரு ஜோடி காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கிக் கொடுங்கள். அவன் உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும். நீங்கள் பின்னால் நெருங்கினால் "மேன் ஆன்", தள்ளி நின்றால் "டைம்". முன்னதற்குச் சட்டென்று வேறு பக்கம் தட்டிவிட வேண்டும், பின்னதற்குத் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் போதும். புளோக்கின் கீழே உள்ள திறந்த தளத்தில் (வாய்ட் டெக்) வேண்டாம், பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டியிருப்பார்கள்.

அடுத்து வயது. அண்டர் 10 என்றால் பத்து வயதுக்குக் கீழே என்றுதான் யாரும் நினைப்பார்கள். இங்கே சிங்கப்பூரில் பொதுவாகப் பிறந்த ஆண்டைத்தான் எண்ணுகிறார்கள். இந்த ஆண்டில் பத்து வயது ஆகிறவர்கள், ஆகப்போகிறவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். பள்ளிக் கணக்கில் பார்த்தால் கிட்டத்தட்ட தொடக்கநிலை நான்கு. அதனால் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இதற்குள் இருக்கிறது. ஜனவரியில் பிறந்தவனுக்கும் நவம்பரில் பிறந்த உங்கள் மகனுக்கும் பத்து மாத இடைவெளி. இந்த வயதில் பத்து மாதம் என்பது அவன் இதுவரை வாழ்ந்ததில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு! உயரத்திலும் ஓட்டத்திலும் தெரியத்தான் செய்யும். ஏ டீம் பையன்களின் பிறந்த மாதங்களைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஆண்டின் முதல் சில மாதங்களில் பிறந்தவர்களாக இருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. பி டீம் என்பது இன்றைய நிலவரம், அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தலை உருட்டிக்கொண்டிருப்பதைவிட, பி டீமில் ஆட்டம் முழுவதும் காலில் பந்து படுவது எவ்வளவோ மேல். "ரோலிங் சப்ஸ்" என்பதும் நல்ல செய்திதான். வெளியே வந்தவன் மறுபடி உள்ளே போகலாம். அவனை மாற்றினார்கள் என்றால் ஆட்டம் முடிந்துவிட்டதாக நினைத்து முகத்தைத் தொங்கப்போட வேண்டாம்.

"சிக்ஸ்" என்றால் சட்டை எண் இல்லை, இடம். பதினொரு பேர் ஆட்டத்தில் ஒரு காலத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் இருந்தது. அதன் மிச்சம்தான் இந்தப் பேச்சு. ஒன்பது என்றால் முன்னால் நின்று கோல் போடுகிறவன், பத்து அவனுக்குச் சற்றுப் பின்னால். இப்போதைய கோச்சுகளின் ஆறு, தடுப்பாட்டக்காரர்களுக்கு முன்னால் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறவன். (எங்கள் காலத்தில் ஆறு என்றால் தடுப்பாட்டக்காரன். அதனால் நானும் முதலில் குழம்பினேன்.) செவன் எ சைடில் கோல் கீப்பரைத் தவிர்த்து ஆறே பேர்தான், அதிலும் இந்தப் பெயர்களைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் நிற்பவனுக்குப் பந்து பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் ஆளோடுதான் வரும். ஆகவே உங்கள் மகன் காதில் மேனன் அதிகம் விழுவதற்கும் அவன் சிக்ஸாக இருப்பதற்கும் சம்பந்தம் உண்டு. அந்த இடத்தை கோச் அவனை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்.

"கேட் ஒன்" காற்பந்துச் சொல்லே இல்லை. தேசிய சேவை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மின்னல் அபாயம், திறந்தவெளியில் இருக்கக் கூடாது. வானம் நீலமாக இருக்கிறதே என்று கோச்சிடம் வாதாடாதீர்கள்.

சின்னச் சின்னது சில. பந்து வாங்கினால் இந்த வயதுக்கு சைஸ் 4. பெரியவர்கள் ஆடும் சைஸ் 5-இன் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அது இப்போது வேண்டாம். ஷின் பேட் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தைக் காக்கும் தகடு) காலுறைக்கு உள்ளே இருக்க வேண்டும். "டிரையல்" என்று செய்தி வந்தால் மாதிரி வகுப்பா, ஆள் எடுக்கும் தேர்வா என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள், இரண்டுக்கும் அதே சொல்தான். பக்கக்கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோ-இன்னில் நேராகப் பந்து வாங்குகிறவன், எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்றாலும் ஆஃப்சைடு ஆவதில்லை. இதைப் பக்கத்தில் நிற்கும் அப்பாக்களுக்கும் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஃபேரர் பார்க் திடலில் செருப்பைக் கோல் கம்பமாக வைத்து ஆடிய ஆள் நான். எங்களுக்கு இருந்த சொற்கள் மூன்று: அடி, விடு, ஓடு. என் பேத்தி அண்டர் 12 கோல் கீப்பர். ஒரு நாள் கோல் கிக்கின்போது, அதாவது கோல் வாசலிலிருந்து பந்தை உதைத்து ஆட்டத்தைத் தொடரும்போது, அவள் பக்கத்திலேயே நின்ற பெண்ணுக்குப் பந்தைத் தட்டப் பார்த்தாள். கோல் வாசலில் என்ன விளையாட்டு என்று பதறி, "அடிம்மா, தூக்கி அடி!" என்று கத்திவிட்டேன். அடித்தாள், நேரே எதிரணிக்காரியின் காலுக்கு. கோல். பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸாகக் கட்டி ஆட வேண்டும் என்று கோச் மூன்று வாரமாகச் சொல்லிக்கொடுத்தது எனக்கு எப்படித் தெரியும்? 2019-இல் விதியையே மாற்றி, கோல் கிக்கைக் கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெட்டிக்குள்ளேயே வாங்கலாம் என்று வைத்துவிட்டார்களாம். எம்ஆர்டியில் வரும்போது அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "தாத்தா, கோச் ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. நான் யாரைக் கேக்குறது?"

அதிலிருந்து விசில் ஊதியதும் ஒரு ஹேக்ஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொள்கிறேன். ஒரு பாதிக்கு இரண்டு செலவாகிறது.