பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து ஏறும்போது சிஆர்பி ஏன் அடிக்கடி பார்க்கிறார்கள்?

கோத்தகிரியிலிருந்து வந்த கேள்வி: அப்பாவுக்கு ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை, கோயம்புத்தூரில் மருந்து ஏறுகிறது, அப்புறம் எதற்கு அடிக்கடி சிஆர்பி பரிசோதனை?

உடலில் அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதம்தான் சிஆர்பி. சில மணி நேரத்திலேயே ஏறத் தொடங்கும். தூண்டுதல் நின்றுவிட்டால் சுமார் 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். இந்த வேகம்தான் அதன் பயன். மருந்து கேட்கிறதா என்பது இரண்டு மூன்று நாளில் ஓரளவு தெரிந்துவிடும். ஒரே ஒரு அளவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், இறங்குமுகமா என்று பாருங்கள்.

கோடையில் முதுமலைப் பக்கம் காடு எரிந்தால், மலைமேல் இருப்பவர்களுக்குப் புகைதான் தெரியும். புகை குறைந்தால் தீ அடங்குகிறது என்று புரியும். எது பற்றவைத்தது என்று புகை சொல்லாது. சிஆர்பியும் அப்படித்தான், பாக்டீரியா, அறுவை சிகிச்சை எதனாலும் ஏறும். அதனால் புரோகால்சிடோனின் என்ற இன்னொரு புரதத்தையும் பார்ப்பதுண்டு. பாக்டீரியா ரத்தத்தில் பரவினால் அது மிகவும் உயரும், பூஞ்சையில் பெரும்பாலும் அவ்வளவு உயராது.

சிஆர்பி நார்மலானதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்: ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையில்) கேண்டிடா வளராத முதல் நாளிலிருந்து, சிக்கல் ஏதும் இல்லாவிட்டாலும், வழக்கமாக 14 நாள் மருந்து தொடர வேண்டும்.