பி0193 கோடு, ஐடிலில் நடுக்கம்: பம்ப் மாற்றும் முன்

பி0193 எரர் கோடு வருகிறது, ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது) எஞ்சின் நடுங்குகிறது, பம்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹை பிரஷர் பம்பை இப்போதைக்குத் தொட வேண்டாம். பி0193 கோடு, ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தத்தில் தேக்கித் தரும் குழாயில்) பிரஷர் கூடிவிட்டதாகச் சொல்லவில்லை. அந்த பிரஷரை அளக்கும் சென்சாரின் சிக்னல் வோல்டேஜ் மேல் எல்லையை மீறிவிட்டது என்கிறது. பம்ப் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் பி0087தான் (ரெயில் பிரஷர் குறைவு) வரும்.

காமன் ரெயில் டீசல், மழையில் ஓடினால் கோடு திரும்ப வருகிறது என்கிறீர்கள். என் சந்தேகம் சென்சார் கப்ளர் (ஒயர் மாட்டும் இணைப்பு) மேல்தான். அதில் மூன்று ஒயர்: 5 வோல்ட், எர்த், சிக்னல். எர்த் பின்னில் பச்சையாக அரிப்பு பூத்தாலோ பிடி தளர்ந்தாலோ சிக்னல் 5 வோல்ட் பக்கம் எகிறும். ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அந்த அளவை ஒதுக்கிவிட்டு உத்தேச மதிப்பில் ஓட்டும், ஐடில் நடுங்கும்.

1. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கம் சப்ளைக்கும் எர்த்துக்கும் நடுவே வோல்டேஜை அளந்து பாருங்கள். 5 வோல்ட் வராவிட்டால் கோளாறு பெரும்பாலும் ஒயரிங்கில்.

2. திரும்ப மாட்டி, கப்ளரின் பின்பக்கமாக சிக்னலைப் பாருங்கள். எஞ்சின் நின்று சில நிமிடம் ஆனபின் சுமார் 0.5 வோல்ட், ஐடிலில் 1 முதல் 1.5 வரை இருக்கும். மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும்.

3. ஐடிலில் ஒயரை லேசாக ஆட்டுங்கள். மீட்டர் குதித்தால் கோளாறு ஒயரில் அல்லது கப்ளரில்தான், சென்சார் வாங்கும் செலவு மிச்சம்.

சப்ளையும் எர்த்தும் சரியாக இருந்து சிக்னல் மட்டும் மேலேயே நின்றால் சென்சாரை மாற்றலாம். கோடு போய் நடுக்கமும் நின்றால்தானே நிம்மதி. நிற்காவிட்டால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவை (இன்ஜெக்டரிலிருந்து டேங்க் பக்கம் திரும்பும் டீசலின் அளவை) சோதிக்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் ஓடும்போது ரெயில் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது. ஐடிலிலேயே அழுத்தம் பெரும்பாலும் 200 பாருக்கு மேல் இருக்கும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.