ஸ்லைடை வாசிக்காமல் பேச முடியுமா?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பணிபுரிகிறேன். மாதந்தோறும் நடக்கும் ரிவ்யூ கூட்டத்தில் ரிஜெக்‌ஷன் விவரங்களை ஆங்கிலத்தில் எடுத்துரைக்க வேண்டும். வேலை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எழுந்து நின்றதும் குரல் நடுங்குகிறது. ஸ்லைடில் இருப்பதை அப்படியே வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். மேலதிகாரி குறுக்கிட்டுக் கேள்வி கேட்டால் தொடர்ச்சி விட்டுப்போகிறது. தமிழ்வழியில் படித்ததுதான் காரணமா?
– வாசகி, சென்னை

பதில்: தமிழ்வழிக் கல்வி காரணமன்று. ஆங்கிலவழியில் படித்தவர்களும் திரையைப் பார்த்து வாசிப்பதை எல்லா அலுவலகங்களிலும் காணலாம். நீங்கள் பேச வேண்டிய வாக்கியங்கள் முழுவதுமாக ஸ்லைடில் இருக்கும்போது உங்கள் கண் அங்கேதான் போகும். கேட்பவர்களோ நீங்கள் வாய்விட்டு வாசிப்பதற்கு முன்பே அவற்றை மனத்துக்குள் படித்து முடித்துவிட்டு, உங்களுக்காகக் காத்திருப்பார்கள்.

ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன், இந்தக் கூட்டம் முடியும்போது மேலதிகாரி என்ன முடிவு எடுக்க வேண்டும் என்பதைத் தமிழிலேயே ஒரு வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். 'இந்த மாத ரிஜெக்‌ஷனில் பெரும்பகுதி ஒரே டையில் (வார்ப்பு அச்சில்) வார்த்த பாகங்களில்தான் வந்திருக்கிறது. அந்த டையைச் சரிசெய்ய இரண்டு ஷிப்ட் நிறுத்த அனுமதி வேண்டும்' என்பது போல அது திட்டவட்டமாக இருக்கட்டும். பிறகு, கூட்டத்தில் முதலில் சொல்வதும் அதுவாகவே இருக்கட்டும். முன்னுரை, ஆய்வுமுறை, முடிவு என்று கல்லூரி ப்ராஜெக்ட் அறிக்கையில் பழகிய வரிசையையே பலரும் அலுவலகத்துக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். பேச்சு எங்கே போகிறது என்று தெரியாத மேலதிகாரி குறுக்கிடத்தான் செய்வார். முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் அவருடைய கேள்விகள் பெரும்பாலும் அதைச் சுற்றியே வரும். அந்த டையைப் பற்றி அந்த அறையில் உங்களைவிட அறிந்தவர் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்?

ஸ்லைடைப் பொறுத்தவரை, எந்தக் குறை எத்தனை பாகங்களில் என்று இறங்குவரிசையில் காட்டும் ஒரு பரேட்டோ படமும் அதன் தலைப்பாக உங்கள் முடிவும் போதும். அட்டவணைகளைக் கடைசியில் வைத்துக்கொண்டு, யாரேனும் கேட்டால் மட்டும் காட்டுங்கள். பவர்பாயிண்ட்டில் ஸ்லைடுகள் திரையில் ஓடும்போது, வேண்டிய ஸ்லைடின் எண்ணைத் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நேராக அங்கே போய்விடலாம். 'B' விசையை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும். எல்லோரும் உங்களைப் பார்த்தாக வேண்டிய இடத்தில் அது மிகவும் உதவும்.

இனி ஒத்திகை. மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பதை நான் ஒத்திகையாகவே கருதுவதில்லை. எழுந்து நின்று வாய்விட்டுப் பேச வேண்டும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தால் ஒரே ஒரு கேள்வியில் சரடு அறுந்துபோகும். உங்களுக்கு நேர்வதும் அதுவாக இருக்கலாம். நம்பிக்கையான தோழி ஒருவரை எதிரில் உட்காரவைத்து, வேண்டுமென்றே இடையிடையே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்லிவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்புவது இப்படிப் பழகினால்தான் வரும். குரல் நடுக்கமோ, உங்களுக்குத் தோன்றும் அளவுக்குக் கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. தொடங்குமுன் ஒருமுறை மூச்சை நிதானமாக வெளியே விட்டு, முதல் வாக்கியத்தை மெதுவாகச் சொல்லுங்கள்.

தொடர்ந்து பழக ஓர் இடம் வேண்டுமென்றால், 1924இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பின் கிளைகள் சென்னையில் பல இருக்கின்றன. அங்கே பேச்சுக்கு நேரம் பார்ப்பவர் ஒருவர். 'ஆ', 'அம்' என்று இழுப்பதை எண்ணிச் சொல்பவர் இன்னொருவர். விருந்தினராகச் சென்று பார்த்துவிட்டுப் பிறகு சேரலாம்.

ஒன்றை மட்டும் உங்கள் மேலதிகாரியிடம் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் இருப்பவர்கள் அனைவருக்கும் தமிழ் தெரியுமென்றால், எண்களும் தொழிற்சொற்களும் ஆங்கிலத்தில் இருக்க, விளக்கத்தைத் தமிழில் சொல்ல அனுமதி கேட்பதில் குறைவேதுமில்லை. ஷாப் ஃப்ளோரில் அந்த டையோடு நாள் முழுவதும் நிற்கும் சூப்பர்வைசரும் அப்போது தயங்காமல் பேச்சில் கலந்துகொள்வார். குறை எங்கே தொடங்குகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.